ஹார்ன்பில் திருவிழாவுக்குக் குடும்பத்துடன் செல்வோர்க்கு: தங்குமிடம், அனுமதி, செலவு, நேரம்

நாகாலாந்தின் தலைநகரான கொஹிமாவுக்குத் தெற்கே 12 கிலோமீட்டரில், இம்பால் செல்லும் சாலையோரத்து மலைச்சரிவான கிசாமாவில், ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் 10 வரை ஹார்ன்பில் திருவிழா நடைபெறுகிறது. மாநிலத்தின் பழங்குடிகள் தங்கள் ஆட்டம், பாட்டு, விளையாட்டு, சமையல், நெசவு ஆகியவற்றைத் திறந்தவெளியில் காட்டும் விழா இது. தோளில் பையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பும் இளைஞர்களுக்கான குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. முழங்கால் வலியுள்ள பெற்றோரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவோர், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரிந்துகொள்ளும்படி வரிசையாக எழுதப்பட்ட குறிப்பு ஒன்றும் எங்கள் கைக்கு எட்டவில்லை. பலரிடம் தொலைபேசியில் கேட்டும், அங்கே போய் அலைந்தும் தெரிந்துகொண்டவற்றைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். வரிசை முக்கியம் என்பதால் அதை மாற்ற வேண்டாம்.

1. நாள்களை முடிவு செய்யுங்கள்

பத்து நாள்களும் இருக்க வேண்டிய தேவை இல்லை. கிசாமாவில் மூன்று முழு நாள்கள் கிடைத்தால் குடும்பத்துக்குப் போதும். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு ஆட்டங்களோடு வருவதால், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல்வது வீண். முதல் நாளான டிசம்பர் 1 நாகாலாந்து மாநிலம் உருவான நாளும் ஆகும் என்பதால் அன்று முக்கியப் பிரமுகர்களின் வருகையும் வாகனக் கட்டுப்பாடுகளும் அதிகம். தொடக்க விழாவும் மாலையில்தான் நடக்கும். பிள்ளைகளுடன் செல்வோர் அதைத் தவிர்த்து, வார நாள்களில் அமையும் மூன்று நாள்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சனிக்கிழமைகளில் அசாமிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் வரும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நாகாலாந்து மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கொஹிமாவில் கடைகள் மூடியிருக்கும். வாடகை வண்டிகளும் குறைந்துவிடும். இடையில் ஞாயிறு வந்தால் மருந்து, பால், தின்பண்டம் போன்றவற்றைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் இன்னும் இரண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். நமது பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வு டிசம்பரில்தான் வருகிறது. ஆகவே விழாவின் முதல் பாதியில் பார்த்துத் திரும்புவதே பிள்ளைகளுக்குத் தோதாக இருக்கும். மற்றொன்று புயல். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலாலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலாலும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. கிசாமாவில் அந்த நாள்களில் பெரும்பாலும் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் சென்னையில் நீங்கள் விமானம் ஏற முடியாமல் போகலாம். புறப்படும் நாளுக்கும் திருவிழாவில் நுழையும் நாளுக்கும் இடையே ஒரு நாளையாவது சும்மா விட்டுவைப்பது இதனால்தான்.

2. தங்குமிடத்தை முதலில் பதிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் விமானச் சீட்டை வாங்கிவிட்டுத்தான் அறை தேடுகிறார்கள். இந்தத் திருவிழாவைப் பொறுத்தவரை அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கொஹிமா சிறிய மலைநகரம்; டிசம்பர் முதல் வாரத்துக்கான அறைகள் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே நிரம்பத் தொடங்கிவிடும், வாடகையும் வழக்கமான நாள்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். விமானத்துக்கு மாற்று உண்டு, அறைக்கு இல்லை.

தெரிவுகள் மூன்று. கொஹிமா நகரத்து விடுதிகளில் வசதி அதிகம், ஆனால் காலையும் மாலையும் கிசாமா சாலையில் நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும். 12 கிலோமீட்டர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது அங்கே வழக்கமான செய்தி. கிசாமாவை ஒட்டிய கிக்வேமா, ஃபேசாமா, ஜக்காமா முதலிய ஊர்களில் வீட்டின் ஒரு பகுதியையே விருந்தினருக்கு விடும் ஹோம்ஸ்டேக்கள் உள்ளன. குடும்பத்துக்கு இவையே உகந்தவை என்பது என் கருத்து: திடலுக்கு நடந்தோ சில நிமிட வண்டிப் பயணத்திலோ போய்விடலாம், களைத்த பிள்ளையைப் பாட்டியோடு பிற்பகலிலேயே அறைக்கு அனுப்பலாம், வீட்டு அடுப்படியில் குளிர் காயலாம். மூன்றாவது தெரிவு கூடார முகாம்கள். இரவில் வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்கும்போது கூடாரத்தில் முதியவர்களைத் தங்கவைப்பது சரியாகாது. கழிப்பறையும் பொதுவாகத் தள்ளியே இருக்கும்.

பதிவு செய்யும்போது வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். நாங்கள் முன்பணம் அனுப்பியிருந்த ஓர் இடத்தில் கடைசி வாரத்தில் வாடகை ஏறிவிட்டது என்று சொல்லிக் கூடுதல் தொகை கேட்டார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை பேர், காலை உணவு சேர்ந்ததா, இரவு உணவு கிடைக்குமா, சுடுதண்ணீர் வாளிக்கணக்கில் தரப்படுமா, கூடுதல் கம்பளிக்குத் தனிக் கட்டணமா, எத்தனை படி ஏற வேண்டும் ஆகிய அனைத்தையும் எழுத்தில் வாங்குங்கள். படிகளைப் பற்றிக் கேட்க மறந்துவிடாதீர்கள். அங்கே சாலை மட்டத்தில் இருக்கும் வீடு அரிது, அறுபது படி இறங்கிப் போக வேண்டிய அறையை ‘சாலையோரம்’ என்றே விளம்பரம் சொல்லும்.

3. பயணச்சீட்டு

நீங்கள் போய் இறங்க வேண்டிய ஊர் திமாப்பூர். நாகாலாந்தின் விமான நிலையமும் முதன்மை ரயில் நிலையமும் அங்கேதான் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருவோர் பெரும்பாலும் கொல்கத்தாவில் மாறி வர வேண்டும். இரண்டு விமானங்களுக்கும் ஒரே பதிவெண்ணில் (பி.என்.ஆர்.) சீட்டு வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது அந்தத் தொகை உங்கள் தலையில்தான் விழும்.

திமாப்பூரில் நண்பகலுக்கு முன் இறங்கும் விமானமாகப் பார்த்து வாங்குவது அவசியம். டிசம்பர் தொடக்கத்தில் கொஹிமாவில் சூரியன் மாலை 4.20 வாக்கிலேயே மறைந்துவிடுகிறது. 5 மணிக்கெல்லாம் கும்மிருட்டு. சென்னையின் கணக்கில் மாலை நாலரை என்பது வேலை நேரம், அங்கே அது நாளின் முடிவு. இந்தப் பயணத்தில் நீங்கள் எடுக்கும் ஏறக்குறைய எல்லா முடிவுகளும் இந்த ஒரு விவரத்தைச் சுற்றியே அமையும்.

விமானக் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் குவாஹாட்டி வரை பறந்து, அங்கிருந்து ரயிலில் திமாப்பூர் வரலாம். விமானக் கட்டணம் பெரும்பாலும் குறையும், ஆனால் குவாஹாட்டியில் ஓர் இரவுத் தங்கல் கூடும். முழுவதும் ரயிலிலேயே வர விரும்புவோருக்குக் கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் வழியாகத் திமாப்பூர் வருகிறது. கோயம்புத்தூரில் ஏறினால் இரண்டு நாளுக்கும் மேற்பட்ட பயணம், தாமதமும் உண்டு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், டிசம்பர் முதல் வாரப் பயணத்துக்கு அக்டோபர் தொடக்கத்தில் விழிப்பாக இருங்கள்.

வரைபடத்தைப் பார்த்து, இம்பாலில் இறங்கினாலும் கிசாமா பக்கம்தானே என்று எண்ண வேண்டாம். மணிப்பூருக்குத் தனி அனுமதி வேண்டும். 2023 மே முதல் அங்கு நிலவும் பதற்றத்தில் குடும்பத்தோடு அந்தச் சாலையில் பயணத் திட்டம் போடுவது அறிவுடைமை ஆகாது.

4. ஐ.எல்.பி. என்னும் உள்நுழைவு அனுமதி

நாகாலாந்தைச் சேராத இந்தியக் குடிமக்கள் அம்மாநிலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். எல்லோரும் இதை ஐ.எல்.பி. என்றே சொல்கிறார்கள். முன்பு திமாப்பூருக்கு இது தேவைப்படவில்லை; 2019 டிசம்பரில் திமாப்பூரும் இந்த வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. ‘திமாப்பூர் வரை அனுமதி வேண்டாம், அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற பழைய குறிப்புகளை நம்பிக் கிளம்பாதீர்கள்.

விண்ணப்பத்தை நாகாலாந்து அரசின் ஐ.எல்.பி. இணையதளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். தேடுபொறியில் முதலில் வருவது இடைத்தரகர்களின் தளமாக இருக்கக்கூடும். முகவரியின் முடிவு அரசுத் தளங்களுக்குரிய ‘ஜிஓவி டாட் இன்’ என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆதார் விவரத்தைக் கொடுங்கள். சுற்றுலாப் பயணிக்கான கட்டணம் சிறிய தொகைதான். தரகர்கள் கேட்பது அதைப்போலப் பல மடங்கு.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆளுக்கொரு அடையாளச் சான்று, அதாவது ஆதார், வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு அல்லது ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், பயணத் தேதிகள், தங்கும் இடத்தின் பெயரும் முகவரியும். தங்குமிடத்தை முதலில் பதிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். குடும்பத்துக்கு ஒன்று என்று எண்ணாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். பிள்ளைகளுக்கு ஆதார் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். பிறப்புச் சான்றிதழின் நகலையும் உடன் வைத்திருங்கள்.

தமிழர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ தலைப்பெழுத்துதான் உண்டு. ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், விமானச் சீட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால், ஐ.எல்.பி.யில் தலைப்பெழுத்தே இல்லாமல் என்று மூன்று விதமாக அமைந்துவிட்டால் சரிபார்ப்பவர் கேள்வி கேட்கத்தான் செய்வார். எந்தச் சான்றை இணைக்கிறீர்களோ அதில் உள்ளபடியே விமானச் சீட்டிலும் ஐ.எல்.பி.யிலும் பெயரை எழுதி, அந்தச் சான்றின் அசலையே கையில் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவரின் வாக்காளர் அட்டையில் ஒரு வயதும் ஆதாரில் மற்றொரு வயதும் இருந்தன. நீங்கள் அதையும் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

புறப்பாட்டுக்கு மூன்று வாரங்களுக்கு முன் விண்ணப்பித்தால் திருத்தம் கேட்கப்பட்டாலும் அவகாசம் இருக்கும். நவம்பர் கடைசியில் விண்ணப்பங்கள் குவிவதால் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். அனுமதி நாள்களைக் கணக்கிடும்போது வருகைக்கு முதல் நாளிலிருந்து, திரும்பும் தேதிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வரை சேர்த்துக் கேளுங்கள். சாலை அடைபட்டாலோ விமானம் ரத்தானாலோ அனுமதி காலாவதியாகிவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு அச்சுப்படிகள் எடுத்து, ஒன்றை வேறொரு பையில் வையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்து, நெரிசலில் சிக்னல் இல்லாமல் திண்டாடுவோரை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்கள் மலேசியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ உங்களுடன் சேர்ந்து வருவதாக இருந்தால், அவர்களுக்கு ஐ.எல்.பி. பொருந்தாது. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி 2024 டிசம்பரில் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருப்பதால் விலக்கு கிடைக்காது. அவர்களும் இதைப் பெற வேண்டும். இதற்கு அதிகக் காலம் பிடிக்கும் என்பதால் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவருடைய விண்ணப்பத்திலிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.

5. திமாப்பூரிலிருந்து மேலே ஏறுதல்

திமாப்பூரிலிருந்து கொஹிமா 74 கிலோமீட்டர். சாலை அகலமாக்கப்பட்டிருந்தாலும் பாறை சரியும் பகுதிகள் உண்டு. இரண்டரை முதல் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்து செல்லும் சூமோக்களும் டாக்சிகளும் ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடைக்கும். ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் நால்வர் ஐவர் கொண்ட குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு வந்தால் முழு வண்டியை எடுப்பதில் பெரிய வேறுபாடு இராது, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியும். தங்குமிடத்துக்காரரிடமே வண்டியைச் சொல்லி வைத்தால், கொஹிமாவில் இறக்கிவிடாமல் வாசல் வரை கொண்டுவிடுவதையும் பேசி முடிக்கலாம். ‘கொஹிமா வரை’ என்று மட்டும் பேசினால் கிசாமாவுக்கு மறுபடி ஒரு வாடகை கேட்பார்கள்.

வளைவுகள் அதிகம். பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குரிய மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கொஹிமாவின் உயரம் சுமார் 1,440 மீட்டர்தான் என்பதால் லடாக்கில் போல மூச்சுத் திணறும் என்ற அச்சம் வேண்டாம்.

பெட்டியில் மது எடுத்துச் செல்லாதீர்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி நாகாலாந்து மதுவிலக்கு மாநிலம். திடலில் அரிசியில் புளிக்கவைத்த நாட்டுப் பானம் மூங்கில் குவளைகளில் விற்கப்படுவதைப் பார்த்து இந்த விதி தளர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

6. திடலில் ஒரு நாள்

நுழைவாயிலில் சீட்டு வாங்கி உள்ளே போனால் சரிவு முழுவதும் மொருங் எனப்படும் குடில்கள். பண்டைய நாளில் ஊர் இளைஞர்கள் சேர்ந்து தங்கிய பொதுக் கூடத்தின் வடிவில், பழங்குடிக்கு ஒன்றாக இவற்றைக் கட்டியிருக்கிறார்கள். கீழே வட்டமான ஆட்டக்களம். முதன்மை நிகழ்ச்சிகள் காலை 10 மணிக்கு ஒரு முறையும் பிற்பகல் 1 மணி வாக்கில் ஒரு முறையும் நடக்கும். படிக்கட்டு இருக்கைகள் திறந்தவெளியில் உள்ளன, 9.30க்குள் போய் அமர்ந்தால்தான் பிள்ளைகளுக்குக் களம் தெரியும், தாமதித்தால் புகைப்படக்காரர்களின் முதுகுகளைத்தான் பார்க்க முடியும். மலைக் குளிர் என்று நினைத்து வருகிறவர்களைப் பகல் வெயில் சுட்டுவிடும், தொப்பி தேவை.

கைக்குழந்தைகளுடன் வருவோருக்கு ஓர் எச்சரிக்கை. சில குழுக்கள் போர் ஆட்டத்தின் நடுவே குழலின் வாய்வழியே வெடிமருந்து திணிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளை வானத்தை நோக்கி வெடிப்பார்கள். புகையும் ஓசையும் கடுமையாக இருக்கும். துப்பாக்கியுடன் குழு களமிறங்குவதைப் பார்த்ததும் குழந்தையின் காதைப் பொத்துங்கள், அல்லது மேல்படிக்குப் போய்விடுங்கள். சற்று வளர்ந்த பிள்ளைகள் அதற்காகவே மறுநாளும் வர அடம்பிடிப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உணவுக்குக் கிளம்புவதால், காலை நிகழ்ச்சி முடியச் சிறிது நேரம் இருக்கும்போதே ஒருவர் எழுந்து போய் மொருங்கில் இடம் பிடிக்கலாம். ஆடியவர்களையே அங்கே அருகில் பார்த்துப் பேச முடியும் என்பது இந்த விழாவின் பெரிய கொடை. அரங்கைவிட மொருங்குகளில்தான் எங்கள் நேரம் நன்றாகக் கழிந்தது. கொன்யாக் பழங்குடி முதியவர் தலையணி கட்டுவதையும், சாக்கேசாங் பழங்குடிப் பெண்கள் இடுப்புத்தறியில் நெய்வதையும் அவசரமின்றி உட்கார்ந்து பார்க்கலாம். நாகாலாந்தின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்பதால் பேச்சுக்குத் தடை இல்லை. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுப்பவர் அரிது, கேட்காமல் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதை எவரும் விரும்புவதில்லை.

பன்றிக் கொழுப்பு பூசிய மூங்கிலில் ஏறும் போட்டி, மல்யுத்தம், மிகக் காரமான ராஜா மிளகாயைத் தின்னும் போட்டி ஆகியவை எல்லா நாளும் நடப்பதில்லை. நிகழ்ச்சி நிரல் வெளியானதும் உங்கள் மூன்று நாள்களில் எவை வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மொருங்குகளுக்கிடையே ஏற்ற இறக்கமும் படிகளும் அதிகம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது கடினம். முதியவர்களை ஆட்டக்களத்தை ஒட்டிய பகுதியில் அமர்த்திவிட்டு, மேல் வரிசைக் குடில்களை மற்றவர்கள் முறைபோட்டுப் பார்த்து வருவதே நடைமுறைக்கு ஏற்றது. மாலை இசை நிகழ்ச்சிகள் இருட்டிய பிறகு தொடங்கும். அவை முடிந்ததும் வண்டிக்கு நிகழும் தள்ளுமுள்ளில் பிள்ளைகளுடன் நிற்க வேண்டாம் என்றால் 4 மணிக்கே வெளியேறிவிடுங்கள், அல்லது ஓட்டுநரின் எண்ணையும் நிற்கும் இடத்தையும் காலையிலேயே முடிவு செய்து வையுங்கள்.

7. சாப்பாடு

புகையூட்டிய பன்றி இறைச்சி, மூங்கில் குருத்து, அக்குனி என்னும் புளித்த சோயா ஆகியவைதான் நாகா சமையலின் முதுகெலும்பு. இறைச்சி உண்போருக்குக் கொண்டாட்டம். சைவக் குடும்பங்கள் சோறு, பருப்பு, அவித்த கீரை கிடைக்கும் என்று மகிழ்ந்துவிட்டு, துவையலைத் தொட்டவுடன் திகைப்பார்கள். அதில் கருவாடு சேர்ப்பது வழக்கம். ‘சைவமா’ என்று பொதுவாகக் கேட்டால் இறைச்சி இல்லை என்ற பொருளில் ‘ஆம்’ என்பார்கள். கருவாடு இருக்கிறதா, பன்றிக் கொழுப்பில் தாளித்ததா என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். கீரை போட்டுக் குழைய வேகவைக்கும் கல்ஹோ என்ற அரிசிக் கஞ்சியை இறைச்சியின்றிச் செய்து தரச் சொன்னால் பிள்ளைகளுக்கும் ஒத்துக்கொள்ளும். காரத்தைப் பற்றி நம்மவர்கள் பெருமை பேச வேண்டாம்; ராஜா மிளகாயின் ஒரு கீற்று ஆந்திர ஊறுகாயை அடக்கிவிடும். ஊறுகாய், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மின்கெண்டி ஆகியவற்றைக் கொண்டுபோவது வீண் சுமை ஆகாது.

8. பணம்

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் விமானமும், அடுத்த பெரும்பகுதி தங்குமிடமும் விழுங்கிவிடும். திடலின் நுழைவுச் சீட்டும் சாப்பாடும் அவற்றோடு ஒப்பிட்டால் சொற்பம். பலரும் கணக்கில் விடுவது உள்ளூர் வண்டிச் செலவைத்தான். திருவிழா நாள்களில் ஓட்டுநர்கள் நாள் வாடகையாகவே கேட்பார்கள். கூட்டம் மிகும் நேரத்தில் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் நின்றுவிடும், தானியங்கி இயந்திரங்களின் முன் வரிசை நீளும். மூன்று நாள் செலவுக்கான ரொக்கத்தை, நூறு ரூபாய்த் தாள்கள் கணிசமாக இருக்கும்படி, தமிழ்நாட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.

9. உடையும் மருந்தும்

பகலில் ஒரு சட்டை போதும், 4 மணிக்குப் பிறகு ஸ்வெட்டர், அதன்மேல் காற்று புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா, காலுறை ஆகியவை வேண்டும். அறைகளில் ஹீட்டர் இருப்பது அரிது. கைவிளக்கு ஆளுக்கொன்று. நெகிழிப் புட்டிகளுக்கு மாறாக வெந்நீர்க் குடுவை. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை முழுப் பயணத்துக்கும் இரண்டு நாள் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

10. வாங்குவதும் திரும்புவதும்

சால்வைகளில் கையால் இடுப்புத்தறியில் நெய்தவையும் விசைத்தறியில் வந்தவையும் கலந்தே விற்கப்படுகின்றன. கைநெசவுச் சால்வை பல ஆயிரம் ரூபாய் ஆகும். குறுகிய பட்டைகளாக நெய்து நடுவில் தைத்து இணைத்த தையல் தெரிகிறதா என்று பாருங்கள். சில வடிவங்கள் குறிப்பிட்ட பழங்குடிக்கோ, குறிப்பிட்ட தகுதி பெற்றவர்க்கோ உரியவை என்பதால், நெய்தவரிடமே கேட்டு, வெளியார் அணியத் தடையில்லாததை வாங்குவது மரியாதை. மொருங்கில் நெய்பவரிடமே வாங்கினால் பணம் நேராக அவர் கைக்குப் போகும்.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் திமாப்பூரில் கழியுங்கள். காலை விமானத்துக்குக் கொஹிமாவிலிருந்து நள்ளிரவில் இறங்குவது பிள்ளைகளுக்கும் ஓட்டுநருக்கும் நல்லதல்ல. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய சிறு ஈட்டியையும் தாவோ கத்தியையும் விமான நிலையச் சோதனையில் கைப்பையில் விடமாட்டார்கள். அவற்றையும் எண்ணெய் மிதக்கும் ராஜா மிளகாய் ஊறுகாயையும் துணியில் நன்றாகச் சுற்றிப் பதிவுப் பெட்டியில் வையுங்கள். ஈட்டியின் கம்பு பெட்டியின் நீளத்தைத் தாண்டுகிறதா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.